குருசடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

தமிழ்நாடு வனத்துறை, சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும், மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி இனி முடிவெடுக்கும் இடத்துக்கு வரப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். எந்த அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. போன மாசியில் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பாம்பன் குந்துகாலில் படகு ஏறிக் குருசடைத் தீவுக்குப் போய்வந்தேன். வந்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் ஆள் குடியில்லாத தீவுகளில் குருசடையைத் தவிர வேறு எதிலும் சுற்றுலா வருபவர்களை இறக்காதீர்கள். குருசடையிலும் எத்தனை பேர் இறங்கலாம் என்பதை அந்தக் கரை தாங்கும் அளவை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே வருகிறவர்களுக்குத் தீவை எடுத்துச்சொல்லும் வேலையைப் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்களிடம் கொடுங்கள். மூன்றும் ஒரே கோரிக்கைதான். ஏன் என்று சொல்கிறேன்.

1982-ல் கல்லூரி மாணவியாக முதன்முதலில் குருசடைக்குப் போனேன். மதுரையிலிருந்து பஸ்ஸில் மண்டபம், அங்கிருந்து படகு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயணம் உண்டு. கங்கைக்குப் போய்வந்தவர்கள் சொம்பில் தீர்த்தம் கொண்டுவருவதுபோல நாங்கள் பாட்டிலில் பார்மலின் ஊற்றிக்கொண்டுபோய் அதற்குள் உயிர்களைப் போட்டுக் கொண்டுவந்தோம். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை, நண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பலனோகிளாசஸ் என்ற கடல்புழு.

பாடப்புத்தகத்தில் பார்த்த பலருக்கும் அது ஒரு படம் மட்டும்தான். முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் நம்மைப் போன்ற முதுகெலும்பிகளின் கூட்டத்துக்கும் இடையில் பாலம்போல நிற்கும் அரைநாணி என்று பரீட்சைக்கு எழுதுவோம். இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் குருசடைக்குப் போக வேண்டும் என்று எங்கள் காலத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் சொல்வார். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஈர மணலில் குனிந்து பார்த்தால், யாரோ இடியாப்பம் பிழிந்துவிட்டுப் போனதுபோலச் சுருள் சுருளாக மண் குவிந்திருக்கும். மணலைத் தின்று, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அது வெளியே தள்ளிய குவியல். கீழே வளையில் அது இருக்கும். தோண்டினால் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் வருமே, அந்த அயோடோபாரம் வாசனை குப்பென்று வரும். வெளிர் மஞ்சளாக, ஈரத்தில் ஊறிய நூல் மாதிரி, கையில் எடுத்தாலே அறுந்துவிடும். முழுசாக ஒன்று கிடைப்பதற்கு நாலு அறுந்துபோகும். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கு ஒன்று முழுசாக வேண்டும் என்று கேட்டார்கள். அறுந்ததை எல்லாம் மணலிலேயே போட்டுவிட்டு அடுத்த குவியலைத் தோண்டினோம். அன்று சாயங்காலம் நாங்கள் படகேறியபோது அந்தக் கரை, உழுது போட்ட வயல் மாதிரி இருந்தது.

அப்போது அது குற்றம் இல்லை. தேசியப் பூங்கா என்ற அறிவிப்பு 1986-ல்தான் வந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் கெட்ட மனிதரும் இல்லை. அந்தப் புழுவின் மேல் எங்களுக்கு இருந்ததைவிட அவருக்கு ஆயிரம் மடங்கு ஆசை. ஆசைப்பட்டவர்கள்தான் அந்தக் கரையை அன்றைக்குத் தோண்டினோம் என்பதால் இதைச் சொல்கிறேன். தீவுக்கு வருகிற யாரும் அதைக் கெடுக்க வேண்டும் என்று வருவதில்லை.

நீங்கள் அறியாதது இல்லை, இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்கு, கரையை ஒட்டி ஒரு மாலைபோல 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. 1989-ல் அதை நடுவில் வைத்து 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக்கினார்கள். தீவுகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே அவற்றை அறிந்தவர்கள் யார் என்று தெரியும்: முயல் தீவு, முள்ளித் தீவு, வாலைத் தீவு, தலையாரி, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புழுவினிச்சல்லி, காரியச்சல்லி. தாகத்துக்குத் தண்ணீர் தேடி இறங்கிய மீனவர் ஒருவர் ஒன்றுக்கு நல்லதண்ணி என்றும் இன்னொன்றுக்கு உப்புத்தண்ணி என்றும் பேர் வைத்திருக்க வேண்டும். சல்லி என்றால் பொடிக்கல். பவளப்பாறை உடைந்து சல்லியாகி, அலை அதைத் தள்ளிக் குவித்து உண்டான நிலம்.

அந்தப் பெயர்ப் பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு இப்போது தீவு இல்லை. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. இயற்கைச் சீற்றத்தில் போகவில்லை. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்து நின்ற சுவர் போனது, பின்னாலேயே மண்ணும் போனது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது, 2014-ல் 2 ஹெக்டேர். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அரசும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, சிமென்ட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளைக் கடலில் வரிசையாக இறக்கி அந்தத் தீவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காக உங்கள் துறைக்கும் அவர்களுக்கும் மனசார நன்றி சொல்கிறேன். ஒரு தீவைக் காப்பாற்ற எத்தனை வருடம், எத்தனை பேர், எவ்வளவு பணம் ஆகும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. அதை வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இனி போன மாசியில் பார்த்ததைச் சொல்கிறேன்.

குந்துகால், 1897-ல் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கால் வைத்த இடம். அங்கிருந்து பார்த்தால் குருசடை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். வாடை அடங்கியிருந்த காலை நேரம், தென்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடா எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. படகில் என் பேத்தி தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கடல்தாழை மேய்ச்சல் காடாக அசைந்துகொண்டிருக்க, அதற்கு மேலே நிழல்போல எங்கள் படகு போனது. "இதத்தான் ஆவுளியா திங்குமா, அம்மாச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆவுளியா என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் கடல்பசுவுக்காக 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தீர்கள். அது அப்பக்கத்து வடகடலில். ஆனால் ஆவுளியாவுக்கு வடகடல் தென்கடல் என்று வேலி ஏது? மூச்சு விட அது மேலே வர வேண்டும், வேகமாக ஓடும் படகுக்கு அது விலகத் தெரியாது. எங்களை ஏற்றிப்போனவர் மெதுவாகத்தான் ஓட்டினார். அந்தப் பொறுமை ஓட்டுபவரின் நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது, எழுத்தில் விதியாக இருக்க வேண்டும்.

தீவில் இறங்கியதும் நான் முதலில் தேடியது இடியாப்பச் சுருளைத்தான். கடல் வற்றியிருந்தது. பேத்தியோடு ஓரமாக நடந்து நடந்து பார்த்து, கடைசியில் மூன்று குவியல் கண்டேன். நாற்பது வருடத்துக்கு முன் ஓரடிக்கு ஒன்றாகப் பார்த்தவள் மூன்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். இது ஆராய்ச்சி இல்லை. ஒரு நாள், ஒரு கரை, வயசான ஒரு ஜோடிக் கண்கள், அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒன்றை, நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, செல்ஃபி எடுக்கப் பின்னால் நடந்து வந்த ஒரு இளைஞர் மிதித்துவிட்டார். "சாரி ஆன்ட்டி" என்றார், எங்கள் காலை மிதித்துவிட்டோமோ என்று நினைத்து. எதை மிதித்தார் என்று காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் குவியலைப் போன் வெளிச்சத்தில் பார்த்தார். "இது உயிரா?" என்று இரண்டு முறை கேட்டார். கீழே வளைக்குள் இருக்கிறது, மேலே மண் சரிந்தால் திரும்ப வழி செய்ய வேண்டும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு படகு ஏறும்வரை அவர் வந்த தடத்திலேயே கால் வைத்து நடந்ததைப் பார்த்தேன். சொல்ல ஆள் இருந்தால் கேட்க ஆள் இருக்கிறது.

யாரும் எடுத்துச்சொல்லாதபோது நடப்பதையும் பார்த்தேன். கரை ஒதுங்கிய பவளத் துண்டு ஒன்றை ஒரு அப்பா தன் மகன் கையில் கொடுத்து, "பைக்குள்ள வச்சுக்கோ, யாரும் பாக்கல" என்றார். கூட வந்த வழிகாட்டி கிட்டே போய் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை விரித்து நீட்டினார். பையன் எடுத்து வைத்துவிட்டான். 2001-லேயே பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தாயிற்று. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். அந்த அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. செத்த கல்தானே என்று நினைத்திருப்பார். அந்தச் செத்த கல்லால்தான் தீவே ஆகியிருக்கிறது.

என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்: "நம்ம வீட்டு ஷோகேஸ்ல இருக்கே அம்மாச்சி, அது?"

அதற்கு வருகிறேன்.

குந்துகாலில் திரும்பி இறங்கியபோது கரையில் சின்னப்பாலத்துப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பாசி எடுக்கிறவர்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று இவர்கள் பறித்துக் காயவைத்துக் கொடுப்பதுதான் அகர் அகர் ஆகிறது, நாம் கடையில் வாங்கும் கடல்பாசி ஆகிறது. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறை இடுக்கில் கை விட்டுப் பறிப்பார்கள். அவர்களில் ஒரு அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தேன்: ரேகை எது, பாறை கிழித்த கோடு எது என்று பிரிக்க முடியாத கை. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "வேர விட்டுட்டு நுனியத்தான் பிச்சு எடுப்போம் டீச்சர். மொட்டையா அள்ளிட்டா அடுத்த வருசம் எங்க புள்ளைக்கு யாரு சோறு போடுவா?" அவருடைய அம்மா காலத்தில் தீவில் இறங்கிக் கஞ்சி குடித்து, நிழலில் படுத்துவிட்டு வருவார்களாம். இப்போது அந்தத் தீவுகளில் அவர் கால் வைக்க முடியாது.

அந்தக் கட்டுப்பாடு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது, கோடையில் ஒன்றரை மாதம் கடலுக்கே இறங்காமல் விட்டுவிடுவது, பாறையைச் சுரண்டும் இரும்பை ஒதுக்கிவிட்டுக் கையால் மட்டும் பறிப்பது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். அந்த முயற்சிக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் பரிசைக் கொடுத்தது. உலகத்தில் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு என்றே கொடுக்கும் பரிசு அது. தீவைக் காத்ததற்குப் பரிசு வாங்கிய ஊர்ப் பெண்கள் கரையில் நிற்க, தீவு என்றால் என்னவென்றே அறியாத என்னைப் போன்றவர்கள் டிக்கெட் எடுத்து இறங்கி நடக்கிறோம். எனக்கு உறுத்தியது இதுதான். அன்று கரையில் அவர்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

உங்களால் இதைச் சரிசெய்ய முடியும். திருவாடானைப் பக்கம் காரங்காட்டில் நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப்போவது ஊர்க்காரர்கள், பசியோடு திரும்புகிறவர்களுக்கு மீன் குழம்பு வைத்துப் போடுவது ஊர்ப் பெண்கள். அந்த வருமானம் ஊருக்குள் போகும்போது காட்டை வெட்ட யாருக்கும் கை வராது. குருசடைக்கும் அப்படியே செய்யலாம். படகு ஏறும் முன்னால் அரை மணி நேரம் வந்தவர்களை உட்காரவைத்து, பாசி எடுக்கும் பெண் ஒருவர் பேசட்டும். எது உயிர், எது கல், எங்கே மிதிக்கலாம், எங்கே கூடாது என்று அவர் சொல்வதை எந்த விளம்பரப் பலகையாலும் சொல்ல முடியாது. தீவில் கூட நடந்து வருபவரும் அவராக இருக்கட்டும், அதற்கு மாதச் சம்பளம் கொடுங்கள். நான் முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்று சொன்னதை அவர் அந்தக் கையைக் காட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்தது காலம். பள்ளிக்கூடம் விடுமுறை விடும் சித்திரை, வைகாசியில்தான் ராமேசுவரத்தில் கூட்டம் நெரியும். அதே மாதங்களில்தான் தென்கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி, வெப்பம் தாங்காமல் வெளியேறிவிடும். நிறம் போய், எலும்பு தெரிய, பட்டினியாகக் கிடக்கும். சில வாரத்தில் தண்ணீர் ஆறினால் பிழைக்கும், ஆறாவிட்டால் இல்லை. 2010-லும் 2016-லும் இந்த வளைகுடா இப்படிப் பட்ட பாடு உங்கள் பதிவேடுகளிலேயே இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அறைக்குள் விருந்தாளிகளை அனுப்புவோமா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் நடுவரை 61 நாள், மீன்கள் முட்டை போடட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிறோம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிவாரணத் தொகையை வைத்து அந்த நாட்களைத் தள்ளுகின்றன. அந்த 61 நாளும் குருசடைக்கும் விடுப்பு விடுங்கள். மீனவர் குடும்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நாட்டில் சுற்றுலா வருகிறவர்களும் பொறுத்துக்கொள்ளலாம்.

மற்ற இருபது பெயர்களுக்கு உரிய இடங்களை விட்டுவிடுங்கள். மனோலித் தீவின் சேற்றுத் திட்டுகளுக்கு ஐப்பசி தொடங்கி ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் பறவைகள் வருகின்றன. கறுப்பு வெள்ளைச் சிறகும் தடித்த அலகுமாக நண்டு தின்னி, அதன் பக்கத்தில் உள்ளான் கூட்டம், பூநாரை. கடல் வற்றும் சில மணி நேரத்துக்குள் வயிறு நிறைய வேண்டும். ஒரு படகு கிட்டே வந்தால் கூட்டமே எழும்பும், எழும்பும் ஒவ்வொரு முறையும் தின்றது எரிந்துபோகும். ஊருக்குத் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இங்கேதான் அவை சேர்க்கின்றன. தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தாலும் அந்தப் பறவை அதே பறவைதான். மண்டபம் கரையிலேயே நல்ல தொலைநோக்கி நாலைந்து வைத்து, சொல்லிக்கொடுக்க ஆளும் வைத்தால், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வரும். அதற்குத் தீவில் இறங்க வேண்டியதில்லை.

வெளியிலிருந்து போகும் ஒவ்வொன்றும் அங்கே என்ன செய்யும் என்று நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை, அதுதான் என் பயம். வருமானம் கிடைக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, கயிற்றிலிருந்து நழுவிக் குருசடைப் பவளத்தின் மேல் பாய் விரித்ததுபோலப் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-லேயே எழுதினார்கள். பிடுங்கப் பிடுங்க வருகிறது. படகின் அடியில், செருப்பின் இடுக்கில், சாப்பாட்டுப் பையில் எது ஏறி வரும் என்று யார் கண்டது? ஒரு எலி போதும், மணலில் முட்டையிடும் எதுவும் மிஞ்சாது.

செஷல்ஸ் நாட்டில் கசின் என்று ஒரு சின்னத் தீவு. ஒரு காலத்தில் முழுக்கத் தென்னந்தோப்பு. உலகத்தில் வேறு எங்குமே இல்லாத ஒரு கதிர்க்குருவி முப்பதுக்கும் குறைவாக அங்கே மிஞ்சியிருந்தபோது, 1968-ல் பறவைகளுக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்று அந்தத் தீவை விலைக்கு வாங்கிக் காப்பகமாக்கியது. தென்னையைக் குறைத்து ஊர்க் காட்டை வளரவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் குருவி ஆயிரக்கணக்கில், பக்கத்துத் தீவுகளிலும் பெருகியிருக்கிறது. அங்கேயும் சுற்றுலா உண்டு. ஆனால் வருகிறவர்களின் படகு கரையைத் தொடக் கூடாது. கடலிலேயே நிற்க வேண்டும். தீவின் சொந்தப் படகு வந்து ஆட்களை மாற்றி ஏற்றிக்கொண்டு போகும், எலியோ விதையோ கூடவே வந்துவிடக் கூடாது என்பதற்காக. காவலர் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதை ஒரு குட்டி நாட்டால் ஐம்பது வருடமாகச் செய்ய முடிகிறது.

இன்னொரு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தின் பீபீ லே தீவில் மாயா விரிகுடா. சினிமாவில் காட்டியதால் பேர் பெற்று ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை இறங்கினார்கள். நங்கூரம் விழுந்து விழுந்து பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் மொத்தமாக மூடி, மூன்றரை வருடம் கழித்து 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். மூடிய சில மாதத்திலேயே கருமுனைச் சுறாக்கள் குட்டிகளோடு கரை ஓரம் வந்தன. இப்போது படகுகள் தீவின் பின்பக்கமாகத்தான் வர வேண்டும், விரிகுடாவில் நீந்தத் தடை, வருடத்தில் இரண்டு மாதம் மூடல். பட்டுத் தெரிந்துகொண்டு போட்ட விதிகள். அவ்வளவு கூட்டம் நம்மிடம் இன்னும் வரவில்லை. விதி போட இதைவிட நல்ல நேரம் வராது.

நான் சொல்வதில் நடைமுறைச் சிக்கல் இருக்கும், அதை அறியாமல் எழுதவில்லை. கூட்டம் குறைந்தால் வருமானம் குறையும், கட்டணத்தைக் கூட்டினால் ஏழைப் பிள்ளைகள் வர முடியாது. இதில் எனக்கு ஒரே ஒரு யோசனைதான் தோன்றுகிறது: ஒரு வாரத்தில் ஒரு நாளை இந்தக் கடலோரத்து அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாக ஒதுக்குங்கள். மண்டபத்தில், கீழக்கரையில், வேம்பாரில் பிறந்து, தினம் தீவுகள் தூரத்தில் கோடாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய், ஒரு நாளும் அங்கே போகாமலேயே வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் பலனோகிளாசஸ் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் ஒருமுறை எழுந்து, "இது எங்க ஊருக்கு எதுத்தாப்லயா இருக்கு டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஷோகேஸைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1982-ல் குருசடைக் கரையில் நான் எடுத்த மான்கொம்புப் பவளம் ஒன்று, ஒரு சாண் உயரம், நாற்பது வருடமாக அதில் இருந்தது. கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பேத்தி கேட்ட அன்று ராத்திரி அதை வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தால் கிளை முழுக்க ஊசிமுனை அளவுக்குத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு உயிர் குடியிருந்தது என்று மாணவர்களுக்கு எத்தனையோ தடவை இதையே காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை எண்ணத் தொடங்கினேன். ஒரு விரல் நீளத்துக்குள் இருநூறைத் தாண்டியது. அதற்கு மேல் எண்ணவில்லை.

இந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, விலங்கியல் துறை உள்ள கல்லூரி அலமாரிகளிலும், ராமேசுவரம் போய்வந்த பழைய குடும்பங்களின் வீடுகளிலும் இதைப் போல எத்தனை துண்டுகள் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இப்போது சட்டப்படி வைத்திருக்கக் கூடாது, தூக்கிப் போடவும் மனசு வராது, எங்கே கொடுப்பது என்றும் தெரியாது. குந்துகால் படகுத்துறையில் பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று வையுங்கள். எடுத்தவர்கள் அதில் கொண்டுவந்து போடட்டும், அவர்களை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். படகு ஏறப்போகிறவர்கள் அந்தப் பெட்டி நிறைந்து வருவதைப் பார்த்துவிட்டு ஏறட்டும்.

என் பவளத்தைப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில், யாரிடம், எந்தக் கிழமையில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று தெரிவித்தால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி,
ராமநாதபுரம் மாவட்டம்